வார்னிஷ் பூசிய பெட்டி

பெட்டிக்கு வார்னிஷ் பூசும் யோசனை பெட்டியக்காவுடையதுதான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

சனிக்கிழமைதோறும் எல்லைப் பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போய், அங்கே ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடத்து மேடையில் ஆர்மோனியம் வாசிப்பது அவள் பிழைப்பு. தங்கை பாடுவாள். தங்கையின் வீட்டுக்காரர் தபேலா வாசிப்பார். ஆர்மோனியத்தைப் பெட்டி என்றே எல்லோரும் சொல்வதால் அக்கரையிலும் இக்கரையிலும் அவளுக்குப் பெட்டியக்கா என்ற பெயரே நிலைத்துவிட்டது. மூன்று பேர் குடும்பமும் அந்த ஒரு சாயங்காலத்தை நம்பித்தான் வாரம் முழுக்க அடுப்பு மூட்டியது.

போன முறை போயிருந்தபோது கூடத்து மானேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. உங்க பெட்டிய பாத்தா பரண்ல இருந்து இப்பதான் எறக்கின மாதிரி இருக்கு. இப்பல்லாம் வர்றவங்க சாப்பாட்டையே போட்டோ புடிச்சுட்டுதான் வாயில வெக்கறாங்க. மேடை பளிச்சுன்னு இருக்க வேணாமா? பென்டிரைவ் வேற சனிக்கிழமைய எனக்குக் குடுங்கன்னு தெனமும் வந்து நிக்கறாரு. அடுத்த வாரம் பாத்துட்டு ஒரு முடிவு பண்ணிடறேன்."

பென்டிரைவ் என்பது ஓர் ஆளின் பட்டப்பெயர். பதிவு செய்த இசையை ஒரு விரல் நீளக் குச்சியில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, மடிக்கணினியில் செருகி, முன்னால் நின்று தலையை ஆட்டுபவர். அந்தக் குச்சிக்குச் சுதி சேர்க்க வேண்டாம், பசிக்காது, பக்கவாத்தியத்துக்குப் பங்கு கொடுக்க வேண்டாம். மானேஜருக்கு அவர் மேல் கண் விழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

பெட்டியக்கா ஊருக்குத் திரும்பியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறவரிடம் போனாள். இருபது வருஷத்துக் கறையை அவர் சுரண்டியெடுத்தார். தேய்ந்து மஞ்சளித்த வெள்ளைக் கட்டைகளை மாற்றினார். துருத்திக்குப் புதுத் துணி, இரண்டு பக்கமும் புதுப் பித்தளைக் கைப்பிடி, மேலே மூன்று பூச்சு வார்னிஷ். பெட்டி மணப்பெண் மாதிரி வீடு வந்து சேர்ந்தது. தங்கை அதைப் பார்த்துவிட்டு, "இதை வாசிக்கறதா, கண்ணாடியா வெச்சு தலை வாரறதா?" என்றாள். பெட்டியக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அதே வாரத்தில்தான் எல்லையில் விதி மாறியது.

எல்லையில் விதி மாறுவது ஒன்றும் புதிதல்ல. சோதனைச்சாவடி வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. புது விதி வந்தால் புதுத் தாளை ஒட்டுவார்கள். பழைய தாளைக் கிழிக்க மாட்டார்கள். தாள் மேல் தாளாக ஏறி அந்தப் பலகையே மெத்தை மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும். சனிக்கிழமை மத்தியானம் மூவரும் போய் நின்றபோது மேலாக இரண்டு புதுத் தாள்கள் பசை காயாமல் இருந்தன. எதிரே ஒரு கூட்டமே கழுத்தை நீட்டிப் படித்துக்கொண்டிருந்தது. பெட்டியக்கா படிக்கவில்லை. வாரா வாரம் போகிறவளுக்கு என்ன புது விதி என்ற நினைப்பு.

வரிசை இரண்டு இருந்தது. ஒன்றின் தலைமாட்டில் ஒரு வயதான அதிகாரி மூக்கைக் கைக்குட்டையில் பொத்திக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் கண்ணாடி போட்ட ஓர் இளம் அதிகாரி.

"அக்கா, தும்மறவர் வரிசையில நிப்போம். அவரு சட்டுன்னு அனுப்பிடுவாரு" என்றார் மாப்பிள்ளை.

"அது நீளமா இருக்கு மாப்ளே. நேரமாகும். ஜலதோஷம் வேற ஒட்டிக்கும், பாடறவள கூட்டிட்டுப் போறோம்" என்று பெட்டியக்கா கண்ணாடிக்காரர் வரிசையில் போய் நின்றாள்.

அவர்களுக்கு முன்னால் ஓர் அம்மாள் பிரிக்காத மிக்ஸி டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அக்கரையில் மகள் புதிதாகக் குடித்தனம் வைத்திருக்கிறாளாம். சுவரோரம் முதுகுப்பையின் மேல் உட்கார்ந்திருந்த ஓர் ஊர்சுற்றி, கேட்டவர்களுக்கெல்லாம் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஊர் பாக்க வர்றவன் உள்ள போகணும்னா அக்கரைப் பணம் கையில வெச்சிருக்கணுமாம். சரின்னு பணம் மாத்தற ஜன்னலுக்குப் போனா, உள்ள போன முத்திரை இருந்தாதான் மாத்திக் குடுப்பாங்களாம். முத்திரைக்கு இங்க வந்தா பணத்தைக் காட்டுங்கறாங்க. காலைல இருந்து இந்த ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுலதான் சுற்றுலா."

கூட்டம் சிரித்தது. பெட்டியக்காவும் சிரித்தாள். அவள் முறை வந்தது.

கண்ணாடி அதிகாரி தபேலாவைப் பார்த்தார். தோலில் அப்பியிருந்த கறையையும் வார்களில் ஏறியிருந்த அழுக்கையும் பார்த்துவிட்டு, தொடக்கூட மனமில்லாமல், "பழசு. போகலாம்" என்றார். அடுத்து பெட்டியின் உறையை நீக்கச் சொன்னார். நீக்கியதுதான் தாமதம், மேசை முழுக்க வெளிச்சம் அடித்தது.

"என்னம்மா இது, புதுசா?"

"புதுசா? இருபது வருஷமா என் மடியில கெடக்கற பெட்டி சார்."

அவர் குனிந்து முகர்ந்தார். "வாசனை வருதே."

"வார்னிஷ் போட்டது சார்."

"கட்டையெல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கு?"

"அது மாத்தினது."

"துருத்தி?"

"துணி மட்டும் மாத்தினது."

"கைப்பிடி?"

"அதுவும்..."

"அப்ப இதுல பழசு எதும்மா?"

பெட்டியக்கா பெட்டியை மேலும் கீழும் தேடிப் பார்த்தாள். பின்னாலிருந்து மாப்பிள்ளை, "நாங்கதான் சார்" என்றார்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விதி சிரிக்கவில்லை. புதுத் தாளில் ஒன்றின் நகலை எடுத்து விரலால் தட்டிக் காட்டினார். பயன்படுத்திய வாத்தியம் என்றால் சும்மா போகலாம். பயன்படுத்தியதற்கு வெளித்தோற்றத்தில் அடையாளம் தெரிய வேண்டும். தெரியாதது புதுச் சரக்கு. புதுச் சரக்குக்கு வைப்புப் பணம் கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்குள் பெட்டி திரும்பி வந்தால் பணமும் திரும்பும்.

"உள்ள சத்தம் குடுக்கற பித்தளை நாக்கெல்லாம் பழசு சார். ஒரு நிமிஷம், திறந்து காட்டறேன்."

"நீங்க திறந்து காட்டுவீங்கம்மா, எனக்குப் பாக்கத் தெரியாதே. தாள்ல வெளித்தோற்றம்னு போட்டிருக்கு. எனக்கு இந்தத் தாள்தான் மேலதிகாரி."

இருபது வருஷத்துச் சாட்சியைத் தன் கையாலேயே சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டோமே என்று பெட்டியக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் அவள் இடுப்பில் ஒரு துணிப்பை இருந்தது. வாரா வாரம் கூலியிலிருந்து ஒன்றிரண்டாக ஒதுக்கி, ஆபத்துக்கு ஆகும் என்று சேர்த்த அக்கரைப் பணம். வீட்டில் வைத்தால் மாப்பிள்ளையின் கண் படும் என்று கூடவே கொண்டு திரிவாள். அதை அவிழ்த்து மேசையில் வைத்தாள்.

"கட்டிடறேன் சார். எடுத்துக்குங்க."

அதிகாரி மேலே இருந்த நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே அவளுக்குச் சங்கதி விளங்கிவிட்டது.

"படகு போட்ட நோட்டும்மா. இந்த வாரத்தோட இது நின்னு போச்சு. இனிமே பாலம் போட்டதுதான் செல்லும். ரெண்டாவது தாள்ல இருக்கே, படிக்கலையா?"

"மாத்த முடியாதா?"

"அக்கரை பேங்க்ல மாத்திக் குடுப்பாங்க. திங்கக்கிழமை திறக்கும்."

கையில் இருந்த இக்கரைப் பணம் பஸ்ஸுக்குத்தான் காணும். வரிசை பின்னாலிருந்து முணுமுணுத்தது. மூவரும் பெட்டியோடு ஓரமாக ஒதுங்கினார்கள்.

மாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தபேலா சுத்தியலைப் பையிலிருந்து எடுத்தார். "அக்கா, நாலு இடத்துல லேசா தட்டி, ஒரு ஆணியால ரெண்டு கோடு கிழிச்சா போதும். பத்தே நிமிஷத்துல பழசாயிடும்."

"என் மூஞ்சியில கிழி. பெட்டியில கை வெச்சே, விரல ஒடிச்சுடுவேன்."

"நான் இங்கதான் உக்காந்திருக்கேன்" என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து அதிகாரி குரல் கொடுத்தார். "என் கண் முன்னாடியே பழசாக்கறீங்களா?"

சுத்தியல் பைக்குள் போனது. மாப்பிள்ளை விடவில்லை. "நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், தும்மறவர் வரிசையில நிப்போம்னு. அவரு மூக்குக்கு வார்னிஷும் தெரியாது, வாழ்க்கையும் தெரியாது. நேரா போயிருக்கலாம்."

"திரும்பிப் போயிடலாம்க்கா" என்றாள் தங்கை. அவள் முகம் சுண்டியிருந்தது. "மானேஜருக்குப் போன் போட்டு, உடம்புக்கு முடியலன்னு சொல்லிடலாம். ஒரு வாரம்தானே?"

"ஒரு வாரம்தான். அந்த ஒரு வாரத்துல பென்டிரைவ் மேடையில ஏறினா, அப்புறம் அவரை எறக்கறது யாரு? பெட்டியில்லாததுக்கு உடம்பு முடியலன்னு ஏன் சொல்லணும்? எனக்கு என்ன நோவு?"

பெட்டியக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி மேசைக்குப் போனாள்.

"சார், பெட்டிய இங்க வெச்சுட்டு நாங்க மட்டும் போலாமா?"

"தாராளமா. கைய வீசிட்டுப் போறதுக்கு எந்த விதியும் கெடையாதும்மா." ஒரு நொடி யோசித்துவிட்டு, "இன்னிக்கு வரைக்கும்" என்று சேர்த்துக்கொண்டார்.

சாவடியை ஒட்டி நிறுத்தி வைத்த பொருள்களுக்கென்று ஓர் அறை இருந்தது. பெட்டிக்கு ஒரு சீட்டு கட்டி, மர அலமாரியில், ஒரு குழந்தையின் மூன்று சக்கர வண்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மிக்ஸி அம்மாளும் அங்கேதான் நின்றாள். அவள் டப்பாவும் தடுக்கப்பட்டிருந்தது. "என் மிக்ஸி உங்க பெட்டிக்குத் தொணையா இருக்கட்டும்" என்று அதை நெருக்கி வைத்தாள். பெட்டியக்கா உறையைச் சரிசெய்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள். பார்த்தால் கால் எழாது என்று அவளுக்குத் தெரியும்.

பாலத்தில் நடக்கும்போது வலது தோள் லேசாக இருந்தது. அந்த லேசு அவளுக்குப் பிடிக்கவில்லை.

*

"பெட்டி எங்கக்கா?" என்றார் மானேஜர், அவர்கள் கையைப் பார்த்து.

"எல்லையில ஓய்வெடுக்குது. இங்க வேற ஏதாவது வாத்தியம் இருக்கா?"

மேடையோரத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பென்டிரைவ் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது ஆள், நல்ல சட்டை. எதற்கும் இருக்கட்டும் என்று மானேஜர்தான் வரச் சொல்லியிருந்தார் போல. அவர் எழுந்து வந்தார்.

"என் கீபோர்டு ஸ்டோர் ரூம்ல கெடக்குக்கா. எடுத்துக்குங்க."

"உங்களுக்கு வேணாமா தம்பி?"

"எனக்கு அது மேசைதான். லேப்டாப் வெக்க." சொல்லிவிட்டு, ஒளிக்காமல் இன்னொன்றும் சொன்னார்: "நீங்க முடியலன்னு எறங்கினா நான் ஏறிடுவேன். அதையும் சொல்லிடறேன்."

"சொல்லிட்டீங்கல்ல, நல்லது" என்றாள் பெட்டியக்கா.

கூடத்துக்கு ஆள் வர இன்னும் நேரம் இருந்தது. பணியாளர்கள் மேசைகளில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தூசி தட்டிக் கீபோர்டைத் தூக்கி வைத்தார்கள். தங்கையின் சுதிக்கு அதைத் திருப்புவதற்கு ஒரு பொத்தான் இருந்தது. பென்டிரைவே அமுக்கிக் காட்டினார். கட்டைகள் பழகிய கட்டைகள்தான். வலது கை தயங்காமல் ஓடியது. தொல்லை கொடுத்தது இடது கைதான். அதற்கு வேலையில்லை. இருபது வருஷமாகத் துருத்தி போட்ட கை, இல்லாத துருத்தியைத் தேடி வெறுமனே காற்றில் அசைந்து அசைந்து அடங்கியது.

"அக்கா, யாருக்கு டாட்டா காட்டறீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"உன் வாயி இன்னிக்கு உன்னைக் காப்பாத்தாது மாப்ளே. தாளத்தைப் போடு."

தங்கை வழக்கம்போல அக்காவின் இடது பக்கம், கொஞ்சம் பின்தள்ளி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள். முதல் அடி நன்றாக வந்தது. இரண்டாம் அடி பாதியில் அறுந்தது.

"தண்ணி குடி."

குடித்தாள். மறுபடி தொடங்கினாள். இந்த முறை முதல் அடியிலேயே குரல் திக்கியது. மூன்றாம் முறை, ஒரு சொல்லின் நடுவில் மூச்சு வாங்கினாள். பதினைந்து வருஷமாக மேடையில் பாடுகிறவள்! தட்டு அடுக்கிய பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். பென்டிரைவ் மரியாதைக்குத் தன் திரையைப் பார்த்துக்கொண்டார்.

"என்னடி ஆச்சு உனக்கு? பயமா?"

"பயமெல்லாம் இல்லக்கா." தங்கையின் கண் கலங்கியது. "மூச்சு எங்க வாங்கறதுன்னு தெரியல."

"இத்தனை வருஷமா எங்க வாங்கினியோ, அங்க வாங்கு."

"அதான் எங்கன்னு தெரியல!"

தங்கை தன் வலது முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தாள். தடவின கை மெதுவாக நின்றது.

"அக்கா... நீ துருத்திய திறந்து மூடும்போது இங்க ஒரு காத்து வந்து படும். இந்த எடத்துல." முழங்கைக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். "கண்ண மூடிட்டுதானே பாடறேன். அந்தக் காத்து பட்டா மூச்சு வாங்குவேன் போல. எனக்கே இப்பதான் தெரியுது."

பெட்டியக்கா அசந்துபோனாள். தங்கை பாடுகிற இடத்துக்குத் தகுந்தபடி தான் துருத்தி போடுகிறோம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள். பார்த்தால், தான் துருத்தி போடுகிற இடத்தில் அவள் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். யார் பின்னால் யார் போனார்கள் என்று இப்போது ஆராய்ந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. வேண்டியது காற்று.

"மேல ஃபேன் சுத்துதே?" என்றார் மாப்பிள்ளை.

"அது விடாம அடிக்குது. விட்டு விட்டு வரணும்."

"அப்ப நான் ஊதவா?" என்று கேட்டவர் காத்திருக்காமல் மனைவியின் கைமேல் ஊதினார். தங்கைக்குக் கூச்சத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏங்க, எல்லாரும் பாக்கறாங்க!"

"ஊதினா தபேலாவ யாரு வாசிக்கறது, உங்கப்பாவா?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியக்கா கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். தட்டு, குவளை, நாற்காலி, திரைச்சீலை. அவள் கண் மேசைமேல் நின்றது. அங்கே உணவுப் பட்டியல் அட்டை கதவு மாதிரி விரிந்து நின்றது. சூப்பில் தொடங்கி ஐஸ்கிரீமில் முடிகிற நல்ல கெட்டி அட்டை, பளபளக்கும் உறை போட்டது, நடுவில் மடிப்பு. அவள் அதை எடுத்து மடித்துத் திறந்தாள். ஒரு குளிர்ந்த வீச்சு முகத்தில் பட்டது.

"தம்பி, ஒயர் ஒட்டற டேப்பு இருக்குமா?"

பென்டிரைவ் தன் பையிலிருந்து ஒரு கறுப்பு நாடாச் சுருளை எடுத்துக் கொடுத்தார். அட்டையின் ஒரு பாதியைக் கீபோர்டு தாங்கியின் இடது காலோடு சேர்த்துச் சுற்றி ஒட்டினாள். மறு பாதி கதவு போல ஆடியது. உட்கார்ந்து, இடது கையால் அதைத் திறந்து மூடினாள். கைக்கு வேலை கிடைத்ததும் உடம்பே நிமிர்ந்தது.

"ஐயோ, அது என் கார்டும்மா!" என்று ஓடிவந்தார் மானேஜர்.

"கணக்குல எழுதிக்குங்க. ஏய் சின்னவளே, பாடு."

தங்கை கண்ணை மூடினாள். முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி. எங்கும் அறுபடவில்லை.

*

சாயங்காலம் கூடம் நிறைந்தது. திரை விலகியதும் முதல் வரிசை மேசையில் சிரிப்புக் கிளம்பியது. உணவுப் பட்டியலைக் கட்டி வைத்துக்கொண்டு வாத்தியம் வாசிக்கிறவளை யாரும் பார்த்ததில்லை. யாரோ ஒருவர், "அக்கா, சூப் என்ன விலை போட்டிருக்கு?" என்று கத்தினார். இன்னொரு சிரிப்பு.

பெட்டியக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. வலது கை பாட்டில், இடது கை அட்டையில், காது தங்கையிடம். ஒரு பாட்டு முடிந்தது. கைதட்டல் கொஞ்சம் அரைமனதாகத்தான் வந்தது. இரண்டாவது பாட்டில் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாவதில் கரண்டிச் சத்தம் குறைந்தது. தங்கையின் குரல் விரிந்து கூடத்தின் கடைசி மேசை வரைக்கும் போய்த் திரும்பியது. மானேஜர் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கூட்டத்தையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான்காவது பாட்டில் நாடா இளகத் தொடங்கியது.

பெட்டியக்காவுக்கு அது விரலில் தெரிந்தது. அட்டை ஒவ்வொரு வீச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. அந்தப் பாட்டில் நீண்டு போகும் அடி இனிமேல்தான் வர வேண்டும். அங்கே மூச்சு தப்பினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார். தாளம் விடாமல், கண்ணாலேயே 'போச்சு' என்றார். 'நீ நிறுத்தாதே' என்று அவளும் கண்ணாலேயே சொன்னாள்.

நீண்ட அடி வருவதற்குச் சற்று முன்னால் அட்டை சரிந்து தரையில் விழுந்தது. குனிந்து எடுக்க நேரமில்லை. பெட்டியக்கா உடம்பை இடது பக்கம் சாய்த்து, வெறும் உள்ளங்கையை விரித்து, தங்கையின் முழங்கையருகே ஒரு வீசு வீசினாள். காற்று போதுமோ போதாதோ. தங்கையின் விலா எழுந்தது. மூச்சை வாங்கிக்கொண்டு குரல் மேலே போனது. போய் நின்றது. நின்ற இடத்திலேயே கூட்டம் கைதட்டத் தொடங்கிவிட்டது.

மிச்சப் பாட்டு முழுவதையும் அவள் உள்ளங்கையால்தான் நடத்தினாள். இறங்கும்போது இடது தோள் தனியாகக் கழன்றுவிட்ட மாதிரி இருந்தது. பென்டிரைவ் தன் மடிக்கணினியை மூடி வைத்திருந்தார். "டேப்பு மட்டமானதுக்கா. மன்னிச்சுக்குங்க" என்றார்.

மானேஜர் கூலியைக் கொடுத்தார். பாலம் போட்ட புது நோட்டு. அட்டைக்கான விலையை மறக்காமல் பிடித்துக்கொண்டு, பிய்ந்த அட்டையையும் கையில் திணித்தார்.

"மூணு மாசத்துக்கு சனிக்கிழமை உங்களுதுக்கா. ஆனா அந்தக் கார்டு வித்தை வேணும். இன்னிக்கு சூப்பு ரெண்டு மடங்கு போச்சு."

"அடுத்த வாரம் பெட்டி வரும்" என்றாள் பெட்டியக்கா.

"எல்லையில ஓய்வெடுக்குதுன்னீங்க?"

"வரும்."

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவடியில் அதே கண்ணாடி அதிகாரிதான் இருந்தார். சுவரோரத்தில் ஊர்சுற்றியைக் காணவில்லை. எந்த ஜன்னல் எந்த ஜன்னலுக்கு இறங்கி வந்ததோ. பெட்டியக்கா தன் கூலியை அப்படியே மேசையில் வைத்தாள்.

"வைப்புப் பணம் சார். பாலம் போட்டது. பெட்டிய குடுங்க, அக்கரைக்கு எடுத்துட்டுப் போறேன்."

மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா! நாம இப்ப வீட்டுக்குப் போறோம். பெட்டி எதுக்கு அக்கரைக்கு? அடுத்த சனிக்கிழமை வரும்போது கட்டிக்கலாமே!"

"அடுத்த சனிக்கிழமைக்குள்ள அந்தப் பலகையில இன்னொரு தாள் ஒட்டினா? நோட்டுல பாலத்தை எடுத்துட்டு வேற ஏதாவது போட்டா? இன்னிக்குப் பணம் செல்லுது, இன்னிக்கு விதி விடுது. இன்னிக்கே போயிடணும். பெட்டி மூணு மாசம் கூடத்து ஸ்டோர் ரூம்ல இருக்கட்டும். நாம கைய வீசிட்டு வந்து போவோம்."

"அப்ப இந்த வாரம்? கூலி வாங்கப் போனோமா, கட்டப் போனோமா?"

பெட்டியக்கா இடுப்புத் துணிப்பையைத் தட்டினாள். "நாளைக்கு அக்கரை பேங்க் திறக்கும். முதல் ஆளா போய் நின்னு படகு நோட்டை மாத்திட்டு வரேன். முத்திரை இருக்குல்ல?"

"ஆபத்துக்குன்னு வெச்சிருக்கற பணம்க்கா" என்றாள் தங்கை.

"இதுக்குப் பேர் என்னடி, கல்யாணமா?"

அதிகாரி ரசீது எழுதிக்கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து வந்த பெட்டியை ஒருமுறை முகர்ந்தார். "இன்னும் வாசனை போகலம்மா."

"வாசிக்க வாசிக்கப் போயிடும் சார். அப்ப பாத்துட்டு, பழசுன்னு நீங்களே எழுதிக் குடுக்கணும்."

"அப்ப விதி என்னவோ" என்றார் அவர், பொய் சொல்ல விரும்பாமல்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் போய், கூடத்து அறையில் ஈரம் படாத மூலையில் வைத்து, மேலே துணி போர்த்தி, சாவியை மானேஜரிடமிருந்து பிடிவாதமாக வாங்கிக்கொண்டு, மறுபடி பாலத்தில் திரும்பி அவர்கள் பஸ் ஏறியபோது வெயில் ஏறிவிட்டது. "இந்தப் பாலம் நம்மள பாத்து சிரிக்குது" என்றார் மாப்பிள்ளை. அதற்கப்புறம் தபேலாவின் மேல் தலை வைத்துத் தூங்கிப்போனார்.

பஸ் பாதி காலி. தங்கை ஜன்னலோரம் கண்ணை மூடி, நேற்றுப் பாடிய அந்த நான்காவது பாட்டை மெல்ல முணுமுணுத்தாள். பெட்டியக்காவின் கை தானாகப் பைக்குள் போய் பிய்ந்த அட்டையை எடுத்தது. தங்கையின் முழங்கையருகே திறந்து மூடினாள். முணுமுணுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டானது. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு திரும்பாமலே கேட்டார்.

நீண்ட அடிக்கு முன்னால் பெட்டியக்கா வீசுவதை நிறுத்தினாள்.

தங்கை ஒரு கண்ணைத் திறந்தாள். "ஏன் நிறுத்திட்ட?"

"பெட்டிய புடுங்கினாங்க. நேத்து கார்டும் விழுந்துச்சு. அடுத்து என் கையையும் நிறுத்தி வெச்சுட்டா என்ன பண்ணுவே? மூச்ச நீயே வாங்கு."

"முடியாதுக்கா."

"வீட்டுக்கு இன்னும் ரொம்ப தூரம் இருக்கு. பாடு."

தங்கை முறைத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தொடங்கினாள்; திணறினாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். பெட்டியக்கா அட்டையைத் தொடையின் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். நான்காம் தடவையோ ஐந்தாம் தடவையோ, அந்த அடிக்கு முன்னால் தங்கையின் விலா தானாக ஒருமுறை எழுந்து தாழ்ந்தது.

"இன்னொரு தடவை" என்றாள் பெட்டியக்கா.